ஜாபிதாவில் அடித்திருந்த பெயர்

சபை ரைட்டர் வேலையில் ஒரு பேரை வாய்விட்டுப் படித்துவிட்டால் அதைத் திரும்ப விழுங்க முடியாது. நான் படித்துவிட்டேன், அந்த அம்மாளும் எழுந்து நின்றுவிட்டாள். அடுத்தவர் சொன்னதை எழுதி, அடுத்தவர் எழுதினதைப் படித்து நீங்களும் எங்கேயாவது அவஸ்தைப்பட்டிருந்தால் என் நிலைமை புரியும். குமாஸ்தாவோ, கணக்குப்பிள்ளையோ, கடிதம் எழுதிக் கொடுக்கிறவரோ, யாராக இருந்தாலும் சரி. மற்றவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

எழுந்து நின்றவள்

எங்களுடையது பாப்திஸ்து சபை. ஊத்தங்கரையிலிருந்து ஏழு மைல் தள்ளி, ஏரிக்கரைக்குக் கீழே ஒரு ஓட்டுக் கட்டிடம். மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உடன்படிக்கைக் கூட்டம் நடக்கும். அதில் ஜாபிதாவை, அதாவது அங்கத்தினர் பேர்ப் பட்டியலை, ரைட்டர் உரக்கப் படிப்பான். பேரைக் கூப்பிட்டதும் "இருக்கிறேன்" என்று பதில் சொன்னவர்களுக்குத்தான் மறுநாள் கர்த்தருடைய பந்தியில் ரொட்டி. ஜாபிதாவில் பேர் இல்லாதவர் எதிரில் தட்டு நிற்காது, தாண்டிப் போய்விடும்.

வழக்கமாகப் படிக்கிற நகல் கரையான் அரித்துப் போயிருந்தது. நான் பீரோவிலிருந்து பழைய மூல ஜாபிதாவை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அதில் ஒரு பேரின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். மை வெளுத்துத் தேயிலைத் தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டதால் கோடு என் கண்ணில் படவில்லை. "சாலம்மாள்" என்று படித்துவிட்டேன். கதவோரத்துப் பாயில் உட்காருகிற அம்மாள் எழுந்து, "இருக்கிறேன்" என்றாள். ஐம்பது வயதிருக்கும். ஒரு வாரம் தவறாமல் வருகிறவள். அவள் இன்னும் ஞானஸ்நானம் எடுக்காதவள் என்றுதான் என் வயசுக்காரர்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

தலைமை டீக்கன் ஆரோன் ஐயா, அது அடித்த பேர், அடுத்ததைப் படி என்றார். படித்தேன். கடைசிப் பேர் வரைக்கும் அவள் உட்காரவில்லை. ஒருவரும் அவள் பக்கம் திரும்பவும் இல்லை. கடைசி நாலைந்து பேரை வேகமாகப் படித்து ஜாபிதாவை மூடினேன். வெளியே வந்தபோது செருப்பு விடுகிற இடத்தில் எனக்காக நின்றிருந்தாள்.

"முப்பது வருசத்துல ஒரு வாட்டி கூப்ட்டிருக்கிற. இன்னொரு வாட்டி கூப்பிடு தம்பி, நான் ரொட்டி வாங்கணும்."

ஏரியைப் பற்றி எழுதச் சொன்னது

நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தவறினவன். அப்பா பெரிய பண்ணையில் கூலி. சும்மா இருக்கிற பையனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறதே என்று போதகர் ஐயா என்னை ரைட்டராக வைத்துக்கொண்டார். அவர் தெலுங்குப் பக்கத்து மனுஷர், ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அது சபையின் ஐம்பதாம் வருஷம். ஓசூரிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் விருந்தாளிகள் வரப்போகிறார்கள், அவர்கள் முன்னால் சபைச் சரித்திரம் வாசிக்க வேண்டும், நீதான் எழுத வேண்டும் என்றார்.

ஆரோன் டீக்கன் சொல்லச் சொல்ல எழுதினேன். முப்பது வருஷத்துக்கு முந்தின பஞ்சத்தில்கூடச் சபை சோர்ந்து போகவில்லை, அந்த வருஷமும் ஏரியில் ஞானஸ்நானம் குறைவில்லாமல் நடந்தது என்றார். எழுதினேன். அதைச் சரிபார்க்க யாக்கோபு தாத்தாவிடம் போனேன். கண் தெரியாதவர், இருக்கிறவர்களில் வயதில் மூத்தவர். ஏரி என்றதும் பாக்கைத் துப்பிவிட்டு என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"ஏரியில தண்ணி இருந்திருந்தா நாங்க எதுக்குடா பண்ணைக் கெணத்துக்குப் போறோம்?"

பழைய புத்தகம்

அவ்வளவு சொல்லிவிட்டு இன்னொரு பாக்கை வாயில் போட்டுக்கொண்டார். நான் பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்த வருஷத்து நடவடிக்கைப் புத்தகத்தைத் தோண்டி எடுத்தேன். சபை கூடி என்ன பேசியது, எதற்குக் கை தூக்கியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

அதில் இருந்ததையும் பிறகு தெருவில் விசாரித்ததையும் சேர்த்தால் விஷயம் இதுதான். எங்கள் சபையில் தலையில் தண்ணி தெளித்தால் செல்லாது. ஆள் முழுசாக முங்க வேண்டும். பஞ்சத்தில் ஏரி வெடித்துக் கிடந்தது. ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தவர்கள் மாசக்கணக்காகக் காத்திருந்தார்கள். ஆள் முங்குகிற அளவு தண்ணீர் பெரிய பண்ணையின் படிக்கிணற்றில் மட்டும்தான். அந்தத் தண்ணீர் பாய்கிற கொல்லையில் களை எடுத்தவள் சாலம்மாள். எங்கள் ஜனங்கள் வாய்க்காலில் தண்ணீரைத் தொடலாம், கிணற்றில் இறங்கக் கூடாது. பண்ணை வீட்டார் கல்யாணத்துக்குப் போயிருந்த ஒரு பகலில் அவள் இறங்கினாள். அப்போது சபையை நடத்தின உபதேசியார் அவள் கூடவே இறங்கி முழுக்குக் கொடுத்தார். அந்த ஞாயிறே ஜாபிதாவில் பேர் ஏறிவிட்டது.

ஈரத் துணியோடு அவள் வரப்பில் போனதை யாரோ பார்த்துவிட்டார்கள். பண்ணையில் மூன்று நாள் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டி, அந்தப் பஞ்சத்திலும் கிணற்றுத் தண்ணீரை எல்லாம் இறைத்து வெளியே விட்டார்கள். கிணறு தீட்டாம். அப்புறம் எங்கள் தெருவில் ஒருவரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பதினோராம் நாள் சபை கூடியது. புத்தகத்தில் இருக்கிறபடியே எழுதுகிறேன்: "சாலம்மாள் என்னும் சகோதரி சபையின் சம்மதமின்றித் தானாகவே கிணற்றில் முழுகினபடியால், அதைச் சபை ஞானஸ்நானமென்று அறியாதென்றும், அவள் பேரை நீக்கிப்போடுவதென்றும் தீர்மானிக்கப்பட்டது." கீழே கை தூக்கினவர்களின் பேர்கள். உபதேசியார் பேர் எங்கேயும் இல்லை. தானாகவே முழுகினாளாம். எங்கள் சபையில் தானாக முழுகுவதற்குப் பேர் குளிப்பது. இந்தப் புளுகை எழுத யாருக்குக் கை வந்ததோ என்று திட்டிக்கொண்டே பேர்களைப் படித்தேன். மூன்றாவது பேர் அவள் புருஷனுடையது.

அவர் செத்து வெகுகாலம் ஆகிறது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவளிடமே போய்க் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"கையத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த பேசாம களி கிண்டிப் போட்டாரு. அதுவரைக்கும் அந்த மனுசன் அடுப்புப் பக்கமே வந்ததில்ல."

பண்ணைக்காரர் விசாரித்தது

நான் புத்தகத்தைப் புரட்டுவது எப்படியோ பண்ணைக்கு எட்டிவிட்டது. ஊத்தங்கரைக்கு மை வாங்கப் போய்த் திரும்பும்போது பண்ணையின் காரியக்காரர் சைக்கிளை என் குறுக்கே நிறுத்தினார். வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர் அவர்தான். மரியாதையாகவே பேசினார். விழா எப்போது, எத்தனை பேர் வருகிறார்கள், பந்தல் மூங்கில் பண்ணையிலிருந்து வேண்டுமா என்று கேட்டார். எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது, வந்து கேட்கிறேன் என்றார். பிறகு பெடலில் காலை வைத்தார்.

"கெணத்தப் பத்தி எழுதுறியாமே, நல்லா எழுது. கடலைக்காய் பிடுங்க யார் யார் வரணும்னு எங்ககிட்டயும் ஒரு பேர்ப் புஸ்தகம் இருக்குது."

இன்னொரு முழுக்கு

போதகர் ஐயாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நல்ல மனுஷர், நல்ல மனுஷர்களுக்கு உள்ள அவசரம் அவருக்கும் உண்டு. இப்போது ஏரியில் தண்ணீர் இருக்கிறதே, அந்த அம்மாளை இன்னொரு தடவை முழுக்காட்டிப் புதுப் பேராகச் சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்றார். ஆரோன் டீக்கனும் உடனே ஒத்துக்கொண்டார். பஞ்சம் தீர்ந்த வருஷத்திலேயே இதைத்தான் சொன்னோம், அவள்தான் வரவில்லை என்றார்.

என்னைத் தூது அனுப்பினார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெரியம்மா, ஒரு நிமிஷ வேலை, முங்கி எழுந்தால் ரொட்டி கிடைக்கும் என்றேன். அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"அன்னைக்கு முங்கினது நான்தான். மறுபடி முங்குனா, அன்னைக்கு முங்கினது யாருன்னு கேப்பாங்க இல்ல?"

கையெழுத்து

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆரோன் டீக்கன் பந்தல் சாமான் பட்டியல் ஒன்று எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு குப்பென்று சுட்டது. அதே வளைத்துப் போட்ட 'ழ'. பழைய தீர்மானத்தை எழுதினவர் இவர். அப்போது இவர் சபை ரைட்டர்; எழுதுகிறவன் கை தூக்குவதில்லை, அதனால்தான் கீழே இவர் பேர் இல்லை. என் வயதுதான் இருந்திருக்கும்.

நான் சுற்றி வளைக்கத் தெரியாதவன். நீங்கள்தானே பொய் எழுதினீர்கள் என்று கேட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மூங்கில் கட்டின்மேல் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தெருவில் இரண்டு குழந்தைகள் பசியில் செத்தன, மூன்றாவது அவருடைய தங்கை, படுத்துக் கிடந்தாள் என்றார். பிழைத்தாளா என்று கேட்டேன். தீர்மானத்தைக் கொண்டுபோய்ப் பண்ணையில் காட்டின அன்றைக்கே எல்லாரையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள், பிழைத்தாள் என்றார்.

"அன்னைக்கு நான் எழுதாம இருந்திருந்தா, இன்னைக்கு நீ பேர் படிக்க சபையே இருந்திருக்காதுடா."

விழா

அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் அதிகமாயிற்று. சரித்திரத்தில் ஏரி என்றே படி என்று டீக்கன் கடைசியாகவும் சொல்லி அனுப்பினார். நான் சரித்திர நகலுக்கு அடியில் பழைய நடவடிக்கைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு போனேன்.

ஞாயிறு காலை. உள்ளே தங்கவயல்காரர்கள், ஓசூர்க்காரர்கள். வெளியே பந்தலில், ஜன்னலுக்கு நேராகப் போட்ட நாற்காலியில் காரியக்காரர். பஞ்ச வருஷம் வந்ததும் நகலை மூடிவிட்டுத் தீர்மானத்தைப் படித்தேன். கை தூக்கினவர்கள் பேரை ஆரம்பித்ததும் டீக்கன் எழுந்து, போதும் என்றார். நான் நிறுத்திப் போதகரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. "சதுவு, சதுவு" என்று தெலுங்கில் சொன்னார். படி என்றால் படிக்கிறவன் நான். அத்தனை பேரையும் படித்தேன். அவர்களில் யாக்கோபு தாத்தா ஒருவர்தான் உயிரோடு இருந்தார். தன் பேர் வந்ததும் கையைத் தூக்கி, அது இந்தக் கைதான், இப்போது சாலம்மாளைச் சேர்க்கத் தூக்குகிறேன், எண்ணிக்கொள்ளுங்கள் என்றார்.

பண்ணை வேலைக்குப் போகாதவர்கள் உடனே தூக்கினார்கள். அது பாதி வரவில்லை. மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். காரியக்காரர் ஒன்றும் செய்யவில்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பா கக்கத்தில் இருந்த துண்டை மடியில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் தூக்கினார். பாதிக்கு மேல் வந்ததும் போதகர் ஜெபம் செய்தார்.

பெண்கள் பக்கம் தட்டு கொண்டுபோவது டீக்கன் வேலை. ஆரோன் ஐயா கதவோரப் பாய் வரைக்கும் போய், நின்று, குனிந்தார். தட்டை நீட்டினார். சாலம்மாள் ஒரு துண்டு எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கினாள். முப்பது வருஷம் காத்திருந்தவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று பக்கத்தில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதுல உப்பே போடறதில்லையா?"

எழுதச் சொன்ன வரி

அடுத்த வாரம் கடலைக்காய் பிடுங்க ஆள் கூப்பிட்டார்கள். கை தூக்கினவர்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை. அப்பா விடியற்காலையில் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய், வெயில் ஏறுமுன் திரும்பி வந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது.

அன்று மத்தியானம் டீக்கன் நடவடிக்கைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். விழா நாள் நடவடிக்கை இன்னும் எழுதப்படவில்லை. சாலம்மாள் தன் தப்பிதத்தை ஒப்புக்கொண்டு மறுமுழுக்குக்குச் சம்மதித்ததால் சேர்க்கப்பட்டாள் என்று எழுது, நான் பண்ணையில் காட்டிவிட்டு வருகிறேன், அவளுக்குத் தெரியவேண்டியதே இல்லை, அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றார். மிரட்டவில்லை. கெஞ்சினார். இதே மாதிரி ஒரு மத்தியானத்தில் இவரையும் யாரோ இப்படித்தான் உட்கார வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. தோன்றி என்ன செய்வது, எனக்குப் பேனா கனத்தது.

"ஒரு வரிதாண்டா. உங்கப்பனுக்கு வேலை, உனக்கும் இந்த வேலை நிலைக்கும். எழுது."

பேனாவை மையில் தொட்டு, சாலம்மாளை அவள் பழைய பேரிலேயே சபை சேர்த்துக்கொண்டது என்று எழுதினேன். கீழே கை தூக்கினவர்கள் பேரை வரிசையாக எழுதினேன், அப்பா பேர் உட்பட. மைக்கூட்டை மூடினேன், என் வேலையும் அதோடு போயிற்று. சொன்னதை எழுதுவதுதான் ரைட்டர் வேலை என்றால், நான் அந்த வேலை பார்த்தது மொத்தம் ஏழு மாதம், ஒரு வரி குறைச்சல்.