தங்கை பெயரில் நின்ற ஃபோல்டர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஓர் அடிமுட்டாள். ஆனால் கம்பத்துக் கடைத்தெருவில் எனக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர். திராட்சை கமிஷன் கடைக்காரர்களில் முதலில் கம்ப்யூட்டர் வாங்கியவன் நான்தான். எனக்கு என்ன தெரியாது என்று கண்டுபிடிக்க அங்கே வேறு ஆள் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் என் தங்கைக்கும் கடிதம் வந்தது. அவள் வீட்டுக்காரர், என் மச்சான், சவுதியில் வேலை பார்த்தார். கடை மெயிலோடு அவளுக்கும் தனியாக ஒரு மெயில் கணக்கு போட்டுக் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடை ஓய்ந்திருக்கும் வேளையில் வந்து வாசிப்பாள். "ஒங்க அண்ணன் பின்னாடி நின்னு படிச்சுக்கிட்டு இருப்பாக. போய் டீ வாங்கிட்டு வரச் சொல்லு" என்று ஒரு கடிதம் தொடங்கியது. பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த நான் போய் டீ வாங்கி வந்தேன்.

அந்நாளில் மெயில் கம்பெனி கொடுத்த இடம் கைக்குட்டை அளவுதான். நிரம்பிவிட்டால் புதுக் கடிதம் வராது. அதனால் கடிதம் எங்கள் கம்ப்யூட்டருக்கு இறங்கியதும் கம்பெனியில் அழிந்துவிடும்படி அமைத்து வைத்தேன். வைத்ததை மறந்தும் போனேன்.

ஒரு நாள் வேலையிடத்திலேயே மாரடைப்பு வந்து மச்சான் போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். தங்கை முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இத்தா இருந்தாள்; கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது.

கடையில் தினமும் காலையில் மெயிலைத் திறந்தால், அந்தப் புரோகிராம் அவள் கணக்கிலும் கடமை தவறாமல் தேடிவிட்டு, 'புதிய கடிதம் இல்லை' என்று சொல்லும். எனக்குத் தெரியாதா? அவள் வரும்போது இது கண்ணில் படக்கூடாது என்று அந்தப் புரோகிராமிலிருந்து அவள் கணக்கை நீக்கினேன். கணக்கு போயிற்று; அவள் பெயரில் ஃபோல்டர் மட்டும் திரையின் இடது ஓரத்தில் அப்படியே நின்றது. கடிதங்கள் மெயில் கம்பெனியில் பத்திரமாக இருக்கும், இது வெறும் மிச்சம் என்று நினைத்தேன். அது கம்ப்யூட்டருக்குள் எங்கே இருக்கிறது என்று அரை நாள் தேடிக் கண்டுபிடித்து, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அழித்தேன். அப்படி அழித்தால் குப்பைத்தொட்டியில்கூடத் தங்காது. அந்த வித்தை தெரியும் என்று பெருமை வேறு.

இத்தா முடிந்து அவள் முதலில் வந்தது கடைக்குத்தான்.

"அண்ணே, அவுக எழுதுனது எல்லாத்தையும் பேப்பர்ல எடுத்துக் குடுங்க."

"இதென்ன தாயி, பெரிய வேலையா?" என்று பிரிண்டரில் காகிதத்தை அடுக்கிவிட்டு மெயில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். ஒன்றுமே இல்லை. நான் செய்து வைத்த அமைப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஏண்ணே ஒங்களுக்கு இப்பிடி வேர்க்குது?"

"லைன் கெடைக்கல தாயி, நாளைக்குப் பாப்போம்" என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பழனிசெட்டிபட்டி மெக்கானிக்கிடம் போனேன். அவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அழிச்ச எடத்துலயே ஒங்க லாரி லிஸ்ட்டு, திராட்சை ரேட்டெல்லாம் ஏறி உக்காந்திருச்சுண்ணே" என்றார். நாலு மாதமாக நான் ஏற்றியவை.

தங்கை வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் உருவிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. என் வாய் சும்மா இருக்குமா?

"ஒனக்குத்தான் எல்லாம் மனப்பாடமா இருக்குமே. நீ சொல்லச் சொல்ல நான் டைப் அடிச்சுத் தர்றேன் தாயி."

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"நானே சொல்லி நானே படிக்கவாண்ணே?"