தகட்டில் எழுதாத கோடு

அந்தப் பெயிண்டருக்குக் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. எதை எழுதச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் பிரஷை டப்பாவில் முக்க மாட்டார். பல் மருத்துவமனைக்குப் போர்டு எழுதப் போன இடத்தில், ஞானப்பல்லுக்கு ஏன் அந்தப் பேர் என்று டாக்டரையே குடைந்தெடுத்தவர். ஊரில் அவருக்கு 'ஏன் பெயிண்டர்' என்றே பேர்.

ஆற்றின் குறுக்கே கதவணை கட்டத் தொடங்கியபோது, வேலை நடக்கும் இடத்தின் வாசலில் நிற்கும் பெரிய போர்டு அவர் கைக்கு வந்தது. கதவுகள் இத்தனை, நீளம் இவ்வளவு, மதிப்பீடு இத்தனை கோடி. பெயிண்ட் காய்வதற்குள் கதவுகள் கூடிவிட்டன. சுரண்டிவிட்டு எழுதினார். தோண்டிய இடத்தில் பாறை கிடைக்கவில்லை, அஸ்திவாரம் இன்னும் ஆழம் போகவேண்டும் என்றார்கள். மதிப்பீடு ஏறியது, மறுபடி சுரண்டினார். இப்படியே போனால் போர்டே ஓட்டையாகிவிடும் என்று, எண்களை மட்டும் சின்னத் தகரத் தகடுகளில் எழுதிக் கொக்கியில் தொங்கவிட்டார். வேலையை மேற்பார்த்த பெண் பொறியாளருக்கு அது ரொம்பவே பிடித்துப்போனது. அதன்பின் எது மாறினாலும், "அண்ணே, தகடு!" என்று போன் வரும்.

"ஏன் மேடம், கதவு கூடிக்கிட்டே போகுதே, வீடு எங்க?" என்று கேட்டார் ஒருநாள்.

அவள் சிரித்துவிட்டாள். "வெள்ளக் கணக்கைத் திரும்பப் போட்டாங்கண்ணே. முன்னாடி நினைச்சதைவிட அதிகமா தண்ணி வருமாம். அதுக்கு வழி விடணும்ல?"

"கதவோட உயரமும் ஏறியிருக்கே?"

"குடிதண்ணிக்கு இன்னும் கொஞ்சம் தேக்கணும்னுட்டாங்க. உயரம் கூடினா இரும்பு கூடும். நாள் கூடினா இரும்போட விலை கூடும்."

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்."

"போர்டுல அதை எழுதிடாதீங்கண்ணே!"

ஆயிரம் கேள்வி கேட்டாலும் அவர் மனசுக்குள் அரித்தது ஒன்றுதான். அணைக்கு மேற்புறக் கரையில் அவருடைய அக்காவின் வீடு இருந்தது. கணவர் போனபின், தையல் மெஷினை மிதித்து மிதித்தே அவள் எழுப்பிய வீடு. கதவுகளை மூடினால் தேங்கும் தண்ணீர் எதுவரை ஏறும்? போர்டில் அது மட்டும் இல்லை. கேட்டால், "இன்னும் முடிவாகலைண்ணே" என்பதுதான் பதில். அக்காவோ மாடியில் ஓர் அறை எடுக்கச் செங்கல் இறக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

"என்னடா, தண்ணி எதுவரைக்குமாம்?"

"இவங்க சொன்னதுல எது நிலைச்சிருக்குக்கா? எல்லாம் தகடு. இன்னிக்கு மாட்டுவாங்க, நாளைக்குக் கழட்டுவாங்க. நீ பாட்டுக்குக் கட்டு."

தம்பி பேச்சை நம்பி அவள் கட்டினாள். மாடி எழுந்தது. கீழ்ச் சுவரையும் சேர்த்துப் புதிதாகப் பூசினாள். அந்தப் பூச்சு காய்ந்துகொண்டிருந்த வாரத்தில் போன் வந்தது.

"அண்ணே, மேல்கரைத் தெரு வீடுகள்ல நீர்மட்டக் கோடு போடணும். சிவப்பு பெயிண்ட். சர்வே ஆளுங்க புள்ளி வெச்சிருக்காங்க, நீங்க சேர்த்து இழுத்தா போதும்."

"எத்தனை தகடு வெட்டட்டும் மேடம்?"



"தகடு வேண்டாம்ண்ணே. நேரா சுவத்துலயே போட்டுடுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஏன் என்று கேட்கவில்லை.

அக்கா வீட்டில் அந்தப் புள்ளியை வாசற்படியில் தேடினார், ஜன்னலுக்கடியில் தேடினார். கீழ்வீட்டு வாசல் நிலைக்கும் மேலே இருந்தது. ஏணி போட்டு ஏறினார். இத்தனை வருஷம் மாற்றத்துக்கு மாற்றம் கேலி பேசியவர், இன்னும் ஒரே ஒரு தடவை மாறிவிடாதா என்று ஏங்கினார். மாடி கட்டச் சொன்ன தன் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்றிருந்தது. கண் கலங்கியது, புள்ளி இரண்டாகத் தெரிந்தது.

ஏணியைப் பிடித்தபடி கீழே நின்ற அக்கா கேட்டாள், "இதுவும் மாறுமாடா?"

அவர் பிரஷை டப்பாவில் முக்கினார். அவள் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இழு. கோணலாக்கிடாதே, இப்பதான் பூசின சுவரு."