மறுநாள் சொல்லும் பதில்

ஒன்பது வருடங்களாக டொலறஸிடம் மக்கள் கேட்ட கேள்விகள் மூன்றே மூன்று: கழிவறை எந்தப் பக்கம், படம் எடுக்கலாமா, தேநீர்க் கடை எத்தனை மணிக்குப் பூட்டும். லண்டன் பரிங்டன் நிலையத்திலிருந்து ஏழு நிமிடம் நடந்தால் வரும் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் அவள் காவலுக்கு நிற்பவள். கறுப்புக் காற்சட்டை, நீலச் சட்டை, கழுத்தில் பெயர் அட்டை. கண்ணாடிப் பெட்டியில் கைவைக்கும் ஆட்களை முகம் கோணாமல் விலக்கிவிடுவதில் அவளை அடிக்க அங்கே ஆளில்லை.

ஆனால் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றிப் பேசுவது வழிகாட்டிகளின் வேலை. அந்த வேலைக்குத்தான் டொலறஸ் போன வருடம் விண்ணப்பித்தாள். ஆறு வருடம் மாலை வகுப்புக்கு அலைந்து, நாற்பத்து மூன்று வயதில் வரலாற்றில் பட்டம் வாங்கியிருந்தாள். அவளுடைய குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கறுப்பு அங்கியோடு எடுத்த படம் ஃபாரஸ்ட் கேட் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. ஒத்திகைப் பேச்சும் நன்றாகத்தான் போனது. வேலை இல்லை என்று பிறகு வந்த கடிதத்தில் காரணமாக ஒரே வரி: ‘கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லத் தயங்குகிறார்.’

இந்த வருடம் மறுபடியும் இடம் ஒன்று காலியானது. இரண்டு முறைக்கு மேல் விண்ணப்பிக்க விடமாட்டார்கள். கிடைத்தால் இந்த முறை, இல்லையென்றால் ஓய்வு வரைக்கும் கழிவறைக்கு வழி சொல்ல வேண்டியதுதான்.

“கேட்டா டக்கெண்டு சொல்லன்,” என்றான் அவள் கணவன் கொட்வின். சமையலறையில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். பண்டகசாலையில் அதிகாலை ஷிப்ட் செய்பவன் என்பதால் பின்னேரச் சமையல் அவனுடையது. “எனக்கெண்டா டக்டக்கெண்டு மறுமொழி வருது. அங்கை போய் ஏன் வாயைப் பூட்டுறாய்?”

“உங்களுக்கு மறுமொழி சொல்ல யோசிக்க என்ன கிடக்கு?”

“பாத்தியே! இப்ப எவ்வளவு கெதியாச் சொன்னனீ!”

டொலறஸ் சிரித்தாள். ஆனால் ஏன் அங்கே வாய் பூட்டிக்கொள்கிறது என்று அவளுக்குத் தெரியும். கொட்வினுக்கும் தெரியும்.

போர்க் காலத்தில், மீனவ ஊரான பேசாலையில் அவளுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, கடற்படை முகாமுக்கும் பங்குக் கோயிலுக்கும் நடுவே செய்தி கொண்டுபோய் வந்தவள் அவள்தான். நீர்கொழும்பில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருந்து படித்ததால் சிங்களம் வரும். கடலுக்கு எத்தனை வள்ளம் போகலாம், எதுவரை போகலாம், எப்போது திரும்ப வேண்டும் என்று அதிகாரி சொல்வார். ஒன்றையும் எழுதித் தரமாட்டார். அவள் அதைக் கோயில் மண்டபத்தில் வந்து சொல்ல வேண்டும். மீனவர்கள் இருந்து பேசுவார்கள். அடுத்த நாள் அவர்களுடைய மறுமொழியை முகாமுக்குக் கொண்டுபோவாள்.

ஒருநாள் அதிகாரி, “நாலு மணிக்கு முன்னம் எல்லா வள்ளமும் கரையில் நிற்க வேண்டும், சரிதானே?” என்று கேட்டார். சின்ன விடயம். வெயிலும் கடுமை. அவள் அந்த இடத்திலேயே “ஓம்” என்று விட்டாள். மண்டபத்தில் கேட்டிருந்தால் ஒரு சின்னப்பிள்ளை கூடச் சொல்லியிருக்கும், அந்த மாதம் சோளகக் காற்று மத்தியானத்துக்குப் பிறகு வள்ளங்களைக் கரைக்கு விடாது என்று. மூன்றாம் நாள் வள்ளங்கள் ஆறு மணிக்கு வந்தன. கடற்படையினர் பதினொரு வள்ளங்களை மூன்று வாரத்துக்குக் கரையில் கட்டிப்போட்டார்கள். யாரும் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பாள்.

அதன் பிறகு, யார் எதைக் கேட்டாலும் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிப் பார்க்காமல் அவளுக்கு வாய் திறக்காது.

அந்த வசந்தத்தில் திறந்த கண்காட்சி, அமெரிக்கா புது நாடாகப் பிறந்த காலத்தைப் பற்றியது. சுதந்திரப் போரில் தோற்ற பிரித்தானியா, பெரிய ஏரிகளுக்குத் தெற்கே கிடந்த நிலத்தை அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்தது. அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுதிக் கொடுத்த பிறகும் பிரித்தானியப் படை ஏரிக்கரைக் கோட்டைகளை விட்டு நகரவில்லை. பூர்வகுடிகள் அந்தப் படையை நம்பினார்கள். அமெரிக்கத் தூதுவர்களோடு பேசினார்கள், பேச்சு முறிந்தது, சண்டை வந்தது. 1794 ஓகஸ்டில் தோற்றுப் பின்வாங்கிக் கோட்டை வாசலுக்கு வந்தபோது கதவு மூடியிருந்தது. அந்த மாதங்களில்தான் பிரித்தானிய அமைச்சர்கள் இதே லண்டனில் அமெரிக்கத் தூதரை இருத்திவைத்துச் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூடிய கதவுக்கு முன்னால் நிற்பது எப்படி என்று டொலறஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் ஆள் குறைந்த நேரங்களில் பெட்டி பெட்டியாக எல்லாவற்றையும் வாசித்து முடித்தாள். வழிகாட்டிகளுக்கான உரையையும் மனப்பாடம் செய்தாள். ஒரே ஒரு வரி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது: ‘முடிவெடுக்க இயலாத பூர்வகுடித் தலைவர்கள், தங்கள் பதிலை மறுநாள்வரை இழுத்தடித்தனர்.’

நாலாவது பெட்டியில், அந்தக் காலத்துப் பேச்சுவார்த்தை ஒன்றின் குறிப்பு இருந்தது. எழுதியவன் மேசையின் மறுபக்கம் இருந்த வெள்ளைக்காரக் குமாஸ்தாதான். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தான். ஒருவர் பேசும்போது ஒவ்வொரு விடயத்துக்கும் சிப்பி மணிகள் கோத்த ஒரு பட்டியைக் கொடுப்பார். கேட்டவர்கள் அன்று பதில் சொல்வதில்லை. போய்த் தங்களுக்குள் பேசுவார்கள். மறுநாள் வந்து, பட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நேற்று நீங்கள் சொன்னது இது, இது, இது என்று முழுவதையும் திருப்பிச் சொல்வார்கள். அதன் பிறகுதான் பதில்.

இதிலே இழுத்தடிப்பு எங்கே இருக்கிறது?

ஆனால் உரையை எழுதியவர் லெட்சுமணன். வழிகாட்டிகளுக்குத் தலைவர். ஈப்போவிலிருந்து முப்பது வருடங்களுக்கு முன் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மனிதர், மூன்று பட்டம் வாங்கியவர். ஒத்திகையில் புள்ளி போடப்போவதும் அவர்தான். மாலை வகுப்புப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவருடைய வரியைப் பிழை என்று சொல்ல நான் யார் என்று டொலறஸ் நான்கு நாள் யோசித்தாள். நாலாவது பெட்டியை ஐந்து முறை வாசித்தாள். ஐந்து முறையும் அதையேதான் சொன்னது.

ஒத்திகை நாள் காலையில் பைகள் வாங்கி வைக்கும் அறையில் அவளுக்கு முறை. இலக்கம் போட்ட பித்தளை வில்லைகள் சில சட்டைப்பையில் கிடந்தபடியே கூடத்துக்கு வந்துவிட்டாள். எட்டுப் பார்வையாளர்கள் நின்றார்கள். பின்னால் லெட்சுமணனும் மேலாளர் ஹெலனும் தாள்களோடு நின்றார்கள்.

டொலறஸ் நிதானமாகத் தொடங்கினாள். நிலத்தை எழுதிக் கொடுத்த கதை, கோட்டைகள், தூதுவர்கள். அந்த வரி வந்தது. அதைத் தாண்டிப் போனாள். அதன் இடத்தில், பட்டிகளின் முறையைத் தன் வாக்கியங்களில் சொன்னாள். லெட்சுமணனின் பேனை தாளில் எதையோ கீறியதை அவள் கண்டாள். குரலைத் தளரவிடவில்லை.

குடையோடு நின்ற ஒரு கிழவர் கை தூக்கினார். கோட்டைக்குள் இருந்தவர்கள் உதவுவதாக முன்பு சொன்னார்களா, பிறகு ஏன் கதவைத் திறக்கவில்லை, வெளியே நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரே மூச்சில் கேட்டார்.

போன வருடம் தோற்ற இடம் இதுதான். டொலறஸ் சட்டைப்பைக்குள் கைவிட்டாள். மூன்று வில்லைகளை எடுத்துக் கிழவரிடம் கொடுத்து, கேள்விக்கு ஒன்றாகத் திருப்பித் தரச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே தந்தார். முதல் வில்லையை உயர்த்தி முதல் கேள்வியைத் திருப்பிச் சொன்னாள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. நீங்கள் கேட்டது இவ்வளவும்தானே என்றாள்.

“இவ்வளவும்தான்,” என்றார் கிழவர். “என் மனைவி கூட நான் சொன்னதை இப்படிக் கேட்டதில்லை.”

கூட்டம் சிரித்தது. டொலறஸ் பதில் சொன்னாள். உதவுவோம் என்ற நம்பிக்கையைப் பல வருடங்களாக ஊட்டினார்கள். கதவைத் திறந்தால் அமெரிக்காவோடு நேரடிப் போர், அதை லண்டன் விரும்பவில்லை. வெளியே நின்றவர்கள் அடுத்த வருடமே தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து ஒப்பமிட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வில்லை கிழவரின் கைக்குத் திரும்பிப் போனது. கூட்டம் கலைய மனமில்லாமல் நின்றது.

பிறகு அலுவலக அறை. ஹெலன் நேரே விடயத்துக்கு வந்தார். வேலை உங்களுக்குத்தான் என்றார். திங்கட்கிழமை தொடங்க வேண்டும். ஆனால் உரை ஏற்கெனவே ஒப்புதல் பெற்றது. ஒரு வரியையும் மாற்றாமல் சொல்ல வேண்டும். இன்னொருவர் பதிலுக்குக் காத்திருக்கிறார், அதனால் இப்போதே சொன்னால் நல்லது.

ஒரு சொல் போதும். அந்தச் சொல் டொலறஸின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

“வேலை எனக்கு என்கிறீர்கள்,” என்றாள் ஆங்கிலத்தில். “திங்கட்கிழமை தொடங்க வேண்டும். உரையின் ஒரு வரியையும் மாற்றக்கூடாது. நீங்கள் சொன்னவை மூன்று. என் பதிலை நாளை பத்து மணிக்குச் சொல்கிறேன்.”

ஹெலன் லெட்சுமணனைப் பார்த்தார். லெட்சுமணன் மேசையைப் பார்த்தார்.

நடைபாதையில் லெட்சுமணன் அவள் பின்னாலேயே ஓடி வந்தார். “டொலறஸ், நில்லுங்க! என்னா இது? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே லா? அதான் என் வரிய முழுங்கிட்டீங்க, போனாப் போகுது. வேலையையும் சேத்து முழுங்கணுமா?”

“ஒருக்கா அப்பிடி ஓமெண்டு சொல்லிப் பாத்தனான், அண்ணை,” என்றாள் டொலறஸ். “பதினொரு வள்ளம் கரையில கிடந்தது.”

“வள்ளமா? எந்த வள்ளம்?”

“நாளைக்குச் சொல்லுறன்.”

அன்று பின்னேரம் கொட்வின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். “மற்ற ஆளுக்குக் குடுத்தாங்களெண்டா?”

“குடுத்தா கூடத்தில நிக்கிறன். ஒன்பது வரியம் நிண்ட கால்தானே.”

“உனக்குப் பயமில்லையே?”

டொலறஸ் யோசித்தாள். பயம் இருந்தது. ஆனால் அது வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லை. நாளைக்குப் பத்து மணிக்கு, பெரிய படிப்புப் படித்தவர் முன்னால், அந்த வரி பிழை என்று குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும். அதுதான். “ஒருக்காச் சொல்லிக் காட்டுறன், கேளுங்கோ,” என்றாள். கொட்வின் அடுப்பைத் தணித்துவிட்டு, முகாம் அதிகாரியைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். சிரித்துச் சிரித்து மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் பத்து மணிக்குக் குரல் நடுங்கவில்லை.

“வேலையை ஏற்றுக்கொள்கிறேன். திங்கட்கிழமை வருகிறேன். உரை முழுவதையும் சொல்வேன், ஒரு வரியைத் தவிர. மறுநாள் பதில் சொன்னவர்களை இழுத்தடித்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது பிழை. நாலாவது பெட்டியில் இருக்கும் குறிப்பே அதற்குச் சாட்சி. அதை வாசித்துவிட்டு, நான் சரியில்லை என்றால் மற்றவருக்கே வேலையைக் கொடுங்கள்.”

ஹெலன் லெட்சுமணனிடம், வாருங்கள், போய்ப் பார்ப்போம் என்றார். டொலறஸ் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். ஒரு பெண்மணி வந்து கழிவறை எங்கே என்று கேட்டாள். வழி காட்டினாள்.

எதிர்க்கூடத்தில் அவர்கள் இருவரும் நாலாவது பெட்டியின் மேல் குனிந்து நிற்பது தெரிந்தது. லெட்சுமணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார். ஹெலன் எதையோ சொல்லிவிட்டுப் போனார். லெட்சுமணன் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாக அவளை நோக்கி வந்தார். கையில் உரைத் தாள் இருந்தது.

“நீங்க சொன்னத நான் சரியாக் கேட்டேனான்னு பாக்கிறேன்,” என்றார். “ஒண்ணு, வேலைக்குச் சம்மதம். ரெண்டு, திங்கக்கெழமை வர்றீங்க.”

அதோடு நிறுத்தினார்.

“மூண்டாவதை விட்டிட்டியள், அண்ணை.”

லெட்சுமணன் மூச்சை இழுத்து விட்டார். “மூணாவது, அந்த வரி தப்பு. அத எழுதினது நான்.”

“எழுதினது ஆரெண்டு நான் சொல்லேல்லை.”

“அது என் பங்குக்கு நான் சேத்தது.” சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். “முறைப்படி பாத்தா எங்க பதில நாளைக்குத்தான் சொல்லணும். ஆனா ஹெலனுக்கு அவ்வளவு பொறுமையில்ல.” தாளைச் சுவரில் வைத்து, அந்த வரியை ஒரே கோட்டில் வெட்டினார். பேனையை அவளிடம் நீட்டினார். “அந்த எடத்துல என்ன வரணும்னு எழுதுங்க. திங்கக்கெழமை பதினோரு மணிக்கு முதல் கூட்டம். அப்புறம், அந்த வள்ளக் கதைய இன்னிக்காவது சொல்லுங்க.”