ராசம்மாள் இனிக் குனிவதில்லை

சிதம்பரத்தில் ரயிலடிக்குப் போகும் சாலையில், எங்கள் தெருமுனையில் இருக்கிறது ராசம்மாளின் பால் பூத். அவருக்கு எலும்பு தேய்ந்து முதுகெலும்பு நொறுங்கிவிட்டது என்ற செய்தி பரவியபோது, பக்கத்து டீக்கடை ராஜவேல் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுதான் பேசினார்.

"ஊருக்கே பால் குடுக்கிறாங்க, அவுங்க எலும்புல கால்சியம் இல்லையாம். யார்கிட்டப் போய்ச் சொல்ல!"

பூத்துக்குள்ளிருந்தே பதில் வந்தது.

"நான் பால வித்தேன்டா, குடிக்கல. நீ சுடுற வடைய யாரு திங்கிறான்னு ஒன் வயித்தப் பாத்தாலே தெரியுது."

கணவர் அந்தோணிசாமி இறந்த பிறகு கிடைத்த பூத் அது. மகன் கதிரவன் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். விடிவதற்கு முன்பே பால் வேன் வரும். பாக்கெட்டுகள் அடுக்கிய பிளாஸ்டிக் டப்புகளை வேன்காரர்கள் சாலையோரத் தரையில் இறக்கிவிட்டு, முந்தின நாளின் காலி டப்புகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தரையிலிருந்து அவற்றைத் தூக்கி உள்ளே கொண்டுபோவது பூத்காரர்களின் பாடு. இருபது வருடத்துக்கும் மேலாக ராசம்மாள் குனிந்தார், தூக்கினார், இழுத்தார். ஒரு மார்கழிக் காலையில் அப்படிக் குனிந்து நிமிரும்போது இடுப்புக்கு மேலே ஏதோ நசுங்கியது போல இருந்தது. அன்றைய பாலை விற்று முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். தைலம் தடவித் தடவிப் பொங்கலும் போனது. இடது கால் மரத்துப்போய், நின்ற இடத்தில் சரியத் தொடங்கிய பிறகுதான் மருமகள் பிரிசில்லா அவரைக் கடலூருக்கு அழைத்துப்போனாள்.

டாக்டர் ஸ்ரீதர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இந்த எலும்பு நசுங்கி முன்பக்கம் சாஞ்சிருக்கும்மா. நரம்ப அழுத்துது. மேலயும் கீழயும் இருக்கிற எலும்புல ஸ்க்ரூ போட்டு, கம்பி வச்சு, எல்லாத்தயும் ஒண்ணா சேர வைக்கணும். ஆனா இப்ப செய்ய மாட்டேன்."

"ஏன் சார்?"

"உதிர்ற சுவத்துல ஆணி அடிச்சா நிக்குமா? புடுங்கிக்கிட்டு வந்துடும். மொதல்ல சுவத்தக் கெட்டியாக்குவோம். தெனம் ஒரு ஊசி, வயித்துல நீங்களே போட்டுக்கலாம். சில மாசம் ஆகும். மருந்து சூடாவக் கூடாது, குளுமையா வச்சுக்குங்க."

கதிரவன் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கடலூரில் வீடு. அம்மா வந்து தன்னோடு இருக்க வேண்டும் என்று வெகு நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"இந்த வயசுல கம்பியும் ஸ்க்ரூவும் எதுக்கும்மா? பூத்த ராஜவேலு பாத்துக்கிறேங்கறாரு. நீ வந்து வீட்டோட இரு. நாங்க பாத்துக்க மாட்டமா?"

"எங்க அக்காவையும் எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க" என்றார் ராசம்மாள். "படுத்தவ எந்திரிக்கவே இல்ல."

கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. எலும்பு கெட்டியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னால் ஆபரேஷன். இல்லையென்றால் பூத்தை விட்டுவிட்டுக் கடலூருக்குப் போய்விட வேண்டும். ராசம்மாள் தலையை ஆட்டினார். தோற்கப்போவதாக அவருக்குத் தோன்றவில்லை.

ஊசி பேனா மாதிரி இருந்தது. வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. பூத்தில் இரண்டு குளிர்பெட்டிகள் இருக்கும்போது வீட்டுக்கு எதற்கு என்று வாங்காமலேயே விட்டிருந்தார். இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து பால் விற்றார். தினமும் காலைக் கூட்டம் ஓய்ந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஊசியைப் போட்டுக்கொள்வார். டப்புகளை ராஜவேலின் கடை ஆள் உள்ளே இழுத்து வைத்தான். அதற்குப் பதிலாகப் பூத்தின் முன்னால் இருந்த சிமென்ட் மேடையில் ராஜவேலின் பிஸ்கட் ஜாடி ஒன்று வந்து உட்கார்ந்தது. பிறகு முறுக்கு ஜாடி. அதற்குப் பிறகு தண்ணீர் கேன். மேடை மெல்ல மெல்ல டீக்கடையாகிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, உண்மையச் சொல்லுங்க. ஊசி போடுறீங்களா?"

"தெனம் போடுறேனே."

"மருந்து உள்ள போன அறிகுறியே இல்லையே."

ராசம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. புடவையை லேசாக விலக்கி வயிற்றைக் காட்டினார். "அப்ப இது என்ன சார், கொசு கடிச்சதா?"

சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. டாக்டர் குனிந்து அவற்றைப் பார்த்தார். "மருந்த எங்க வச்சிருக்கீங்க?"

"குளுமையாத்தான். ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டியில, அடியில. வெளிய எடுத்துக் கையில உருட்டி உருட்டி, எளகின பிறகு போடுவேன்."

"உறைய விடக் கூடாதும்மா. உறைஞ்சா மருந்து கெட்டுடும். நாங்களும் வெவரமா சொல்லியிருக்கணும்."

ராசம்மாள் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார்.

"ஐஸ்பெட்டில வச்சா பால் திரிஞ்சு போவும்னு ஒரு பாக்கெட்டக் கூட அதுல வச்சதில்லயே நான்! ஊசிய வச்சிருக்கேன் பாரு."

திரும்பும் வழியில், கடலூர் பஸ் நிலையத்தில் கதிரவன் மெதுவாகப் பேச்சை எடுத்தார். "கடவுளுக்கே இதுல இஷ்டம் இல்ல போல. விட்டுடலாம்மா. பேசினபடி வந்துடு."

"கடவுள் ஒண்ணும் சொல்லல. ஐஸ்பெட்டிதான் சொல்லியிருக்கு."

"பேசினது பேசினதுதானம்மா?"

"ஊசி போட்டும் எலும்பு கெட்டியாவலன்னாதான் வருவேன்னேன். இதுவரைக்கும் நான் போட்டது ஐஸ் தண்ணி. ஊசி இனிமேத்தான்."

பிரிசில்லா சிரித்துவிட்டாள். கதிரவன் அவளை முறைத்தார். ராசம்மாள் சிதம்பரம் பஸ்ஸில் ஏறி, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் இடுப்பையும் பிடித்தபடி ஜன்னலோரமாக உட்கார்ந்தார்.

இந்த முறை ஊசி எவர்சில்வர் டப்பாவுக்குள், தயிர் பாக்கெட்டுகளுக்குப் பின்னால், பால் வைக்கும் பெட்டியில் இருந்தது. மோர் எடுக்கப் போன ராஜவேலின் ஆள் ஒருநாள் அந்த டப்பாவைத் திறந்துவிட, அன்று ராசம்மாள் போட்ட சத்தம் ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும். வெயில் காலம் போய் மழை வந்தது. அடுத்த பரிசோதனையில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "இப்ப செய்யலாம்" என்றார்.

ஆபரேஷனில் ஸ்க்ரூக்கள் நன்றாகப் பிடித்துக்கொள்வதற்காக எலும்புக்குள் சிமென்டும் வைத்தார்கள். மறுநாளே எழுப்பி நிற்க வைத்தபோது ராசம்மாள் கேட்ட முதல் கேள்வி, "பூத்துக்கு எப்ப போவலாம்?"

"போவலாம், அவசரப்படாதீங்க" என்றார் டாக்டர். "எலும்பு ஒண்ணாச் சேர மாசக்கணக்காவும். ஊசியும் தொடரணும். அதுக்கப்புறமும் குனிஞ்சு பாரம் தூக்குறது மட்டும் கெடயாது. தூக்குனா மறுபடி இங்கதான் வரணும்."

கதிரவனுக்கு இது வசதியாகிவிட்டது. குனியாமல் பால் பூத் நடத்த முடியாது. அது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அத்தனை மாதங்களும் பூத்தை ராஜவேலிடம் விட்டுவிட்டுக் கடலூரில் மகன் வீட்டில் இருந்த ராசம்மாள், டாக்டர் சரி என்று சொன்ன வாரமே சிதம்பரத்துக்குக் கிளம்பினார். ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கதிரவனும் பிரிசில்லாவோடு கூடவே வந்தார். துணி எடுத்துப்போக ஒரு பையும் கொண்டுவந்திருந்தார்.

வந்த அன்று சாயங்காலமே ராசம்மாள் மேடைக்கு முன்னால் போய் நின்றார். "ராஜவேலு, ஒன் ஜாடிங்கள எடு."

"இருக்கட்டும்க்கா, அது ஒண்ணும் சோறு கேக்கலயே."

"எனக்கு மேட வேணும். எடு."

மறுநாள் வேன் நேரம் கழித்து, விடிந்த பிறகுதான் வந்தது. பால் வாங்க நின்றவர்களில் நானும் இருந்தேன். டிரைவர் ஜெயப்பிரகாஷ் வழக்கம்போல முதல் டப்பைத் தரையில் வைக்கப் போனார்.

"தரையில வேணாம். மேடையில வை" என்றார் ராசம்மாள்.

"யக்கா, எறக்குறதோட எங்க வேல முடிஞ்சுது. எல்லா பூத்துலயும் தரையிலதான் வைக்கிறோம்."

"எல்லா பூத்துலயும் ராசம்மா இல்லயே."

ஜெயப்பிரகாஷ் சிரித்துக்கொண்டே எல்லா டப்புகளையும் தரையில் இறக்கினார். "காலி டப்பக் குடு. இன்னும் புவனகிரி, சேத்தியாத்தோப்புன்னு போவணும்."

"உள்ள இருக்கு. பூட்டிட்டேன். பால் மேல வந்தாத்தான் டப்பு வெளிய வரும்."

சிரிப்பு நின்றது. காலி டப்பு இல்லாமல் திரும்பிப்போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கதிரவன் பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் தூக்கி வைக்கிறேம்மா" என்று குனிந்தார்.

"கைய எடு."

"அம்மா..."

"இன்னிக்கு நீ தூக்குவ. நாளைக்கு கம்பெனிக்குப் போயிடுவ. அப்ப யாரு தூக்குவா? கைய எடுடா."

கதிரவன் நிமிர்ந்தார். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்றார் ஒருவர். ராசம்மாள் அசையவில்லை. கம்பி வைத்து நிமிர்த்திய முதுகோடு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். வெயில் டப்புகளின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் பயம் இருந்ததா என்று நான் தேடிப் பார்த்தேன். உதடு மட்டும் கொஞ்சம் துடித்தது.

முதலில் பொறுமை இழந்தவர் ராஜவேல்தான். அவர் கடையில் டீக்குப் பால் தீர்ந்துவிட்டிருந்தது.

"யோவ் டிரைவர், தூக்கி வச்சாத்தான் என்னய்யா? ரெண்டடி ஒசரம்! கடைல கூட்டம் நிக்குது. அந்தம்மா முதுகுல சிமென்ட் வச்சிருக்காங்க, ஒன் முதுகுல என்னய்யா வச்சிருக்கு?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜெயப்பிரகாஷ் முனகிக்கொண்டே டப்புகளை ஒவ்வொன்றாக மேடையில் ஏற்றினார். ராசம்மாள் சாவியைப் பிரிசில்லாவிடம் கொடுக்க, காலி டப்புகள் வெளியே வந்தன.

"நாளைக்கெல்லாம் இப்பிடி வைக்க முடியாது, சொல்லிட்டேன்."

"நாளைக்கும் டப்பு உள்ளதான் இருக்கும்."

வேன் கிளம்பியது. இடுப்பு உயரத்தில் இருந்த பாலை ராசம்மாள் குனியாமல் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். கதிரவன் காலிப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"என்னடா வேடிக்க? பால் வேணும்னா வரிசையில நில்லு."

அவர் வந்து எனக்குப் பின்னால் நின்றார்.