ஆறாவது ஓட்டை

அக்கா வீட்டுச் சுவரில் அத்தானின் இடுப்புப் பட்டை இன்றைக்கும் ஓர் ஆணியில் தொங்குகிறது. கெட்டித் துணி, உள்ளே நாலு இரும்புப் பத்தை, முன்னால் ஒரு தோல் வார். வாரில் ஐந்து ஓட்டைகள் கடையிலேயே போட்டவை. கோணலாக இருக்கும் ஆறாவது, நான் ஆணியால் அடித்தது.

அத்தானும் நானும் பாறசாலைச் சந்தையில் சுமடு இறக்கினோம். தொண்ணூறுகளின் நடுவில் என்று நினைவு. குளத்தூர்ப் பக்கம் கான்கிரீட் வீடுகள் எழும்பிய காலம். சிமெண்ட் லாரி ஓயாமல் வரும். அரிசி மூட்டை நல்ல மூட்டை, முதுகுக்கு ஏற்றபடி அமர்ந்துகொள்ளும். சிமெண்ட் யாருக்கும் இணங்காது. லாரியில் நிற்பவன்தான் கீழே குனிந்து நிற்பவனின் முதுகில் மூட்டையை வைக்க வேண்டும். அத்தானுக்கு எப்போதும் நான்தான் வைப்பேன். வேறு யார் வைத்தாலும் அவருக்குச் சரிப்படாது.

ஒருநாள் குனிந்தவர் நிமிரவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் ஆறு வாரத்துக்கு மட்டும் என்று பட்டையை எழுதிக் கொடுத்து, பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் அனுப்பினார். காஞ்சிரங்குளத்துக்காரி.

"வாழை சாயாம இருக்க ஊணு குடுப்போம் இல்லியா, இந்தப் பட்டை அதாக்கும். வேரு உங்க வயித்துலயும் இடுப்பு நடுவுலயும் உள்ள தசை. மூணு மாசம் அத உறப்பிக்கணும். அதுவரை பாரம் தூக்கப்பிடாது, கேட்டியளா?"

எங்களுக்கு எழுத்து தெரியாது என்று படம் வரைந்து தந்தாள். மல்லாந்து முழங்காலை மடக்கி, வயிற்றை இறுக்கிப் பத்து எண்ண வேண்டும். பிறகு கையும் முட்டும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்டி அசையாமல் நிற்க வேண்டும்.

மூன்று வாரம் அத்தான் ஒழுங்காகச் செய்தார். "எலே, இண்ணைக்கு செருப்ப நானே குனிஞ்சு எடுத்தேன்" என்று ஒருநாள் சொன்னார். அவர் நாலுகாலில் நிற்பதை நான் பார்த்ததும் அன்றுதான். பார்த்தவன் சும்மா இருந்திருக்கலாம். சந்தையில் போய்ப் பூனை மாதிரி நடித்துக் காட்டினேன். அடுத்த முறை அவர் அந்தப் பக்கம் வந்தபோது ஒருத்தன், "பூச்சை வருது, மீன்கூடைய மூடுங்கலே" என்றான். நான்தான் உரக்கச் சிரித்தேன். அத்தானும் சிரித்தார். அன்றோடு பயிற்சி நின்றது.

"திரும்பச் செய்யணும்னு நீ செல்லு, கேப்பாரு. உன் வாயில இருந்து வந்ததுதானே" என்றாள் அக்கா. செல்லுகேன் என்றேன். சொல்லவில்லை.

பட்டையைக் கட்டிக்கொண்டே வேலைக்கு வந்தார். மாதங்கள் போகப் போக வயிற்றுச் சதை ஒடுங்கி, கடைசி ஓட்டையிலும் பட்டை தொளதொளத்தது. "ஒரு ஓட்ட கூட போடு மக்கா. இறுக்கினா பெலம் உண்டு." கல்லின்மேல் வைத்து அடித்துக் கொடுத்தேன். அன்றே சிமெண்ட் வந்தது. "இரும்பு கெட்டின ஆளுக்கு என்ன பயம்?" என்று சொல்லித்தான் மூட்டையை வைத்தேன். நாலு எட்டு நடந்தார். முட்டு மடிந்தது. மூட்டை உடைந்து எழும்பிய தூசிக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது.

"எலே, என் காலு எங்கலே?"

திருவனந்தபுரத்தில் அறுவை செய்தார்கள். கால் திரும்பி வரவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் கிடந்தார். படுக்கைப்புண் வராமல் அக்காதான் புரட்டிப் போடுவாள். பூச்சைக் கதையை அவர் எடுத்ததே இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டார்: "அந்தப் பிள்ள எத்தன மாசம் சொல்லிச்சு?"

"மூணு."

"மூணுதானா" என்றவர், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது எனக்கும் இடுப்பு விட்டுப்போயிற்று. அதே பயிற்சியைத்தான் சொல்கிறார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அக்கா வீட்டுக்கு வருகிறேன். அவள் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டே எண்ணுவாள். அவள் எண்ணிக்கை மெதுவானது. பத்து வரும்வரை நான் கையைத் தாழ்த்துவதில்லை. நீட்டிய கைக்கு நேரே அந்தப் பட்டை. ஆறாவது ஓட்டை வழியாகச் சுவரின் வெள்ளை தெரிகிறது.