மதினியின் கைப்பிடி அரிசி

இந்தத் தகர டப்பாவை மூன்று தடவை பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். மூன்று தடவையும் தெருமுனை வரை போனவரைக் கூப்பிட்டுத் திரும்ப வாங்கி வந்தேன். கடைசித் தடவை அவர், "என்னம்மா, உள்ள தங்கமா வச்சிருக்கீக?" என்று சிரித்தார். தங்கமாவது ஒன்றாவது! உள்ளே ஒரு குருணை அரிசிகூட இல்லை. பச்சைப் பெயின்ட் உரிந்து, மூடி நசுங்கி, அடுப்படி மாடத்தில் உட்கார்ந்திருக்கிறது. என் அண்ணன் மனைவி, என் மதினி, நாள் தவறாமல் கைப்பிடி அரிசி போட்டு வந்த டப்பா இது.

காரைக்குடியில் எங்கள் கிறிஸ்தவ சபையின் வழக்கம் அது. உலை வைக்கும்போதெல்லாம், அரிசி களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனியே போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கொண்டுபோய் ஓலைப்பெட்டியில் கொட்டினால், அது இல்லாத வீடுகளுக்குப் போகும். பெண்கள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பள்ளிக்கூட டீச்சர், வாயும் கொஞ்சம் நீளம், வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? எந்த வீட்டு டப்பா நிறைந்து வந்தது என்று எல்லார் முன்னாலும் பெயர் வாசிப்பேன். வாரா வாரம் எங்கள் வீட்டு டப்பாதான் கோபுரமாகக் குவிந்திருக்கும். எனக்குத் தலை கால் புரியாது.

அறுபதுகளின் நடுவில் அரிசிக்கு நாடே அல்லாடிய சமயம். ரேஷன் கடையில் கால் கடுக்க நின்றாலும் பாதி நாள் கோதுமைதான். அம்மா இறந்த பிறகு அரிசிப் பானை என் பொறுப்பில் இருந்தது. மூன்று பேருக்கு அளந்து கொடுத்துவிட்டு, "பிடி குறையக் கூடாது மதினி" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். அந்தப் பிடியைச் சேர்த்து அளக்க எனக்குத் தோன்றியதே இல்லை. அண்ணனுக்குத் தச்சு வேலை, நாளெல்லாம் இழைப்புளி பிடித்துவிட்டு வருகிறவருக்குத் தட்டில் குறை இருக்காது. எனக்கும் இருக்காது. குறைந்ததெல்லாம் கடைசியில் சாப்பிடுகிறவருக்குத்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மதினி வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு நின்றபடி குடிப்பதைப் பார்த்தேன். "சாப்டீகளா மதினி?" என்றேன். "ஆச்சு தாயி, வகுறு நெறஞ்சு போச்சு" என்றார். அப்போது அவருக்கு ஏழாம் மாதம். நம்புவது சௌகரியமாக இருந்தது, நம்பிக்கொண்டேன்.

நம்பியதோடு நிற்கவில்லையே நான். அடுத்த சங்கக் கூட்டத்தில், தன்னை மறப்பதே கிறிஸ்தவப் பெண்ணின் அழகு என்று அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன். "எங்க மதினியப் பாருங்க" என்று கையை வேறு நீட்டினேன். மதினி தலையைக் குனிந்துகொண்டு சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

மறுநாளே, சபையை நடத்தும் உபதேசியாரின் மனைவி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். இடுப்பில் சபையின் ஓலைப்பெட்டி. மூடியைத் திறந்து காட்டினார், இரண்டு படி அரிசி இருக்கும். "டீச்சரு, கோவிச்சுக்கிறாதீக. ஒங்க மதினிக்குத்தான் கொண்டாந்தேன். புள்ளத்தாச்சி, கண்ணு உள்ள போய்க் கெடக்கு" என்றார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பெயர் வாசிக்கிற வீட்டுக்கே தர்ம அரிசியா! "எங்க வீட்டுல யாரும் பட்டினி இல்ல. இல்லாதவுகளுக்குக் குடுங்க" என்றேன். அவர் நகரவில்லை. "ஒன்னைய நேசிக்கிற மாதிரி அடுத்தவளை நேசின்னுதான சொல்லிருக்கு? தன் வகுத்தக் காயப் போட்டுட்டு அடுத்தவ வகுத்த நெறைக்கச் சொல்லலையே." வேதம் எனக்கும் தெரியும் என்று வெடுக்கென்று சொல்லி அனுப்பிவிட்டேன். திரும்பினால், அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு மதினி நின்றிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை நான்.

அடுத்த மாதமே, நாள் நிறையாமல் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. கையகலம்தான் இருந்தது. மதினிக்குப் பால் சுரக்கவில்லை. மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. "இந்தம்மாவுக்கு வீட்ல என்னதான் சாப்பிடக் குடுத்தீங்க?" என்று லேடி டாக்டர் என்னைத்தான் கேட்டார். பிடி பிசகாமல் அளந்து கொடுத்தவள் நான்தானே. அதற்குப் பிறகு மதினிக்குக் குழந்தையே தங்கவில்லை.

எத்தனையோ வருஷம் யோசித்துவிட்டேன். மதினி தன்னை ஓர் ஆளாகவே எண்ணவில்லை. நானாவது என்னை நேசித்தேனா என்றால், அதுவும் கிடையாது. நான் நேசித்தது சங்கத்தில் வாசிக்கப்படும் என் வீட்டுப் பெயரை. தனக்கும் பசிக்கும், தனக்கும் ஒரு பிடி வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறவளுக்குத்தான் பக்கத்தில் இருப்பவளின் பசி தெரியும். கட்டளையில் 'உன்னை நேசிப்பதுபோல்' என்ற பாதியை விழுங்கிவிட்டு மீதிப் பாதியை ஊருக்குப் போதித்தேன், பாவி.

எழுபதுகளில் ஒருநாள், சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் கை நிற்கவில்லை. "விடு தாயி. எனக்கெதுக்கு அந்த அரிசின்னு நானுந்தான் நெனைச்சேன்." இன்னும் இரண்டு தடவை புடைத்தார். "ஆனா அந்தம்மா பெட்டியத் தொறந்தாக பாரு, புது அரிசி வாசம் வந்துச்சு. வகுத்துல புள்ள ஒரு பொரளு பொரண்டுச்சு. அது கேட்டுருக்கு. நாந்தான் வாயத் தொறக்கல."

மதினி போய்ச் சேர்ந்தும் வெகு காலமாகிவிட்டது. கைப்பிடி அரிசியைச் சபையில் இப்போது யாரும் கேட்பதில்லை. ஒற்றை ஆளுக்கு உழக்கு அரிசி அளக்கிறேன். அதன்மேல் ஒரு பிடி கூட்டி, இது எனக்கு என்று வாய்விட்டுச் சொல்லி உலையில் போடுகிறேன். அந்த வயதில் தெரியாததை இந்த வயதில் பழகுகிறேன். பிறகு என்னையறியாமல் இன்னொரு பிடி அள்ளிவிடுகிறேன். மாடத்திலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தால், அரிசியைப் போடக் கை வருவதில்லை. அரிசிப் பானையிலேயே திரும்பக் கொட்டிவிடுகிறேன்.