கண்ணில் விழாத எண்

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லாரும் ‘வைத்தியர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடுகிற டீசல் என்ஜின்மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கணிப்பு தப்பியது அபூர்வம்.

அந்த வருடம் மின்சாரப் பேருந்துகள் வந்து வரிசையாக நின்றன. வைத்தியர் ஒன்றின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“இது மூச்சே விடலையே, நாடியை எங்கய்யா பிடிக்கிறது?”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரமே அவர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். இனி சான்றிதழ் உள்ளவர்தான் பேட்டரிப் பெட்டியைத் திறக்கலாம் என்று உத்தரவு.

ஐம்பது வயதில் படிப்பு. தையற்கடை வேலை முடிந்து வரும் மனைவி, கையேட்டை மடியில் வைத்துக் கேள்வி கேட்பாள்.

“பேட்டரியைத் தொடுறதுக்கு முன்னாடி?”

“இணைப்பைத் துண்டிச்சுப் பூட்டணும். சாவி என் பாக்கெட்ல இருக்கணும். மீட்டர் வச்சுப் பாக்கணும்.”

“மீட்டர் பூஜ்யம் காட்டினா?”

“அப்பவும் கையுறையைக் கழட்டக் கூடாது.”

“இந்த ஜாக்கிரதை என்கிட்ட ஒருநாளாவது இருந்திருக்கா உங்களுக்கு?” என்று அவள் சிரிப்பாள்.

எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே மூன்றாவதாக வந்தார். மிச்சம் கண் பரிசோதனை ஒன்றுதான்.

கண் டாக்டர் வண்ணப் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தை நீட்டினார். “என்ன நம்பர் தெரியுது?”

“நம்பரா? வெறும் புள்ளிதானே சார் இருக்கு.”

எட்டுப் பக்கம் புரட்டியும் அதே பதில். டாக்டர் பேனாவை மூடினார். “சிவப்பும் பச்சையும் உங்களுக்குப் பிரிஞ்சு தெரியலை. பிறவியிலேயே உள்ளது. மருந்து கிடையாது.”

எண்ணெய் படிந்த என்ஜினில் எல்லாமே ஒரே கறுப்பு. அங்கே இந்தக் குறை தெரிய வழியே இருக்கவில்லை. வீட்டில் அவருக்குச் சட்டை எடுப்பது மனைவி.

பயிற்சி கொடுத்த பெண் பொறியாளரிடம் போய் நின்றார். “மேடம், நிறம் தெரியாட்டி என்ன, ஒவ்வொரு கம்பியிலயும் எழுத்து ஒட்டிக்கிறேன். பக்கத்துல ஒருத்தர் நிக்கட்டும்.”

“அண்ணே, உங்க அளவுக்குக் கவனமா செய்யற ஆள் இந்த வகுப்புல இல்ல. மேலிடத்துக்கு ரெண்டு தடவை எழுதிக் கேட்டுட்டேன். கண்ணு சரின்னு வந்தாதான் சான்றிதழாம்.” அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மனைவி கடையிலிருந்து சிவப்பும் பச்சையுமாகப் பத்து நூல்கண்டுகள் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். எது வெளிர், எது அடர்த்தி என்று பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தார். சாயங்காலம் பத்தும் சரி. காலை வெயிலில் ஏழு தப்பு. அவள் கண்டுகளைப் பையில் அள்ளிப் போட்டுவிட்டு, சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

டீசல் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டன. அவரை டயருக்குக் காற்றடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளத்தில் கைவைக்கவில்லை, அதனால் புகார் சொல்லவும் வழியில்லை.

ஒருநாள் மதியம் ஒரு பேருந்து கிளம்ப மறுத்தது. சான்றிதழ் பெற்ற இருவர் திணறிப்போய் அவரைக் கூப்பிட்டார்கள். சான்றிதழ் இல்லாதவர் தாண்டக் கூடாதென்று தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டாமல், எட்டி நின்று பார்த்தார்.

“பெட்டிக்கு இடதுபக்கம் கத்தையா சின்னக் கம்பிங்க போகுதுல்ல, அதுல ஒண்ணு தளர்ந்திருக்கும்.”

“எதுண்ணே? சிவப்பா, பச்சையா?”

கையேட்டில் பார்த்த படம் மனத்தில் அப்படியே இருந்தது. நிறம் மட்டும் இல்லை.

“தெரியலப்பா,” என்றார்.

மறுநாள் கம்பெனி ஆள் வந்து வண்டியைச் சரிசெய்தான். என்ன கோளாறு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.